நொக்ஸ் கொண்டுபோன இலையும் கிளினிக்கில் தரும் குளிசையும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் இளம் பிள்ளைகள் இருப்பவர்கள் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

கொஞ்சக் காலமாக, ஏ.எல். முடித்துவிட்டுப் போன பிள்ளைகள் பலரிடம் ஒரே வாதத்தைக் கேட்கிறேன். "சேர், மனச்சோர்வுக்குத் தாற குளிசை கெமிக்கல். எடுத்தா விட ஏலாது. கஞ்சா மூலிகைதானே? ஆயுர்வேதத்திலும் இருக்கு. வெளிநாட்டில டொக்டர்மாரே எழுதிக் குடுக்கிறாங்க." இப்படிச் சொன்ன ஒருவர், கிளினிக்கில் கொடுத்த குளிசையை வீட்டில் யாருக்கும் தெரியாமல் நிறுத்தியிருந்தார். அதற்குப் பதிலாகக் கஞ்சா. உம்மா, வாப்பா இருவரும் மகன் மருந்து குடிக்கிறான் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஹராம்" என்று ஒரு சொல்லோடு இந்தப் பேச்சை முடித்துவிடலாம். மார்க்கத் தீர்ப்பை உலமாக்கள் சொல்வார்கள். ஆனால் பிள்ளை கேட்பது, "எது என் மனசைச் சுகப்படுத்தும்?" என்ற கேள்வி. அதற்கும் பதில் வேண்டும். நான் வரலாறு படிப்பிக்கிறவன். அந்த வழியில் தேடிப் பார்த்தேன். இந்தக் கேள்வியின் ஒரு வேர் எங்கள் நாட்டிலேயே இருக்கிறது.

ரொபர்ட் நொக்ஸை எல்லோருக்கும் தெரியும். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 வருடங்களுக்கு மேல் சிறைவாழ்வு வாழ்ந்த ஆங்கிலேய மாலுமி. 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டையில் இருந்த ஒல்லாந்தரிடம் தப்பிப் போய்ச் சேர்ந்தார். தப்பும் வழியைத் தேடி வடக்கே வரண்ட பகுதிகளில் அலைந்த காலத்தில், கெட்ட தண்ணீரால் அவருக்கும் கூட்டாளிக்கும் காய்ச்சல் வந்துகொண்டே இருந்தது. அதற்கு மருந்தாக ஒரு காய்ந்த இலையைப் பொடித்து, வெல்லத்தோடு சேர்த்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றில் சாப்பிட்டதாக 1681இல் வெளிவந்த தனது புத்தகத்தில் எழுதியிருக்கிறார். தலை சுற்றும், மயக்கம் தரும் என்பதையும் மறைக்கவில்லை. அந்த இலைதான் கஞ்சா.

லண்டனில் அவருடைய நண்பர் ரொபர்ட் ஹூக். 'செல்' என்ற சொல்லை விஞ்ஞானத்துக்குத் தந்த அதே ஹூக். அந்த இலையைப் பற்றி நொக்ஸ் சொன்னதை ஹூக் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். மூர்கள், அதாவது முஸ்லிம்கள், இதை என்ன பெயரால் அழைக்கிறார்கள், சிங்களத்தில் என்ன பெயர் என்பது வரை அதில் இருக்கிறது. 1689 டிசம்பர் 18ஆம் திகதி ஹூக் றோயல் சொசைட்டியில் இந்த இலையைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். சாப்பிட்டவர் தன்னை மறந்து சிரிப்பார், பிறகு தூங்குவார், எழும்பும்போது பசியோடும் தெம்போடும் இருப்பார் என்று விவரித்துவிட்டு, மனநோயாளிகளுக்கு இது பயன்படக்கூடும் என்ற ஊகத்தையும் சொன்னார்.

ஆக, "கஞ்சா மனசுக்கு மருந்தாகுமா?" என்ற கேள்வி லண்டன் விஞ்ஞானிகள் முன் வைக்கப்பட்டு 300 வருடங்களுக்கு மேலாகிறது. அந்தக் கேள்வி போனது எங்கள் நாட்டுக் காட்டுப் பாதையிலிருந்து.

ஹூக்கின் ஊகத்தைப் பின்னர் சோதித்தும் பார்த்தார்கள். 1839இல் கல்கத்தாவில் ஓஷோனசி என்ற மருத்துவர் கஞ்சாவை ஆராய்ந்து, வலிப்புக்கும் தசை இறுக்கத்துக்கும் பயன் தரும் என்று எழுதினார். பிரான்சின் மனநல மருத்துவர் மொரோ, எகிப்திலும் கிழக்கு நாடுகளிலும் ஹஷீஷைக் கண்டு பாரிசுக்குத் திரும்பி, 1845இல் அதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். துக்கத்தில் மூழ்கிய நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். வந்த உற்சாகம் நிலைத்து நிற்கவில்லை.

முஸ்லிம் நாடுகளுக்கு இந்த இலை புதிதல்ல. ஹிஜ்ரி 7ஆம், 8ஆம் நூற்றாண்டுகளில் எகிப்திலும் ஷாமிலும் ஹஷீஷ் பெரிய சமூகப் பிரச்சினையாக இருந்தது. இப்னு தைமிய்யா கடுமையாகக் கண்டித்தார். ஸர்கஷீ இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அதேநேரம், மனத்துயரத்தை வெறும் ஈமான் குறைவு என்று எங்கள் முன்னோர் ஒதுக்கவும் இல்லை. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் சேர்த்தே ஒரு நூல் எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணமே தெரியாமல் வரும் துக்கம் வேறு என்று பிரித்தார். இரண்டாவது வகை உடலிலிருந்து வருவது, அதற்கு உடலுக்கான வைத்தியமும் வேண்டும் என்றார். ஆயிரம் வருடத்துக்கு முந்திய இந்த வார்த்தை, மகனின் குளிசைப் பெட்டியை அலுமாரிக்குள் மறைக்கும் எங்கள் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இனி குளிசையின் கதை. அதுவும் தற்செயலாகத்தான் தொடங்கியது. 1952இல் நியூயோர்க்கின் சீ வியூ ஆஸ்பத்திரியில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் என்ற புது மருந்தைக் கொடுத்தார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் உற்சாகமாக நடமாடத் தொடங்கினார்கள். பின்னர் அது மனச்சோர்வுக்கும் பயன்பட்டது. ஆனால் ஈரலைப் பாதிப்பது தெரிந்ததும் அமெரிக்காவில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர், வேறொரு நோய்க்காகத் தயாரித்த இமிப்ரமின் மனச்சோர்வுள்ளவர்களைத் தேற்றுவதைக் கண்டு 1957இல் எழுதினார். இன்று பலருக்கும் பெயர் தெரிந்த ஃபுளுஒக்செட்டின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இரண்டும் தற்செயலாகத் தொடங்கியவைதான். வித்தியாசம் பிறகு நடந்ததில் இருக்கிறது. குளிசையை அளந்தார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்து, மற்றப் பகுதியினருக்கு மருந்தில்லாத போலிக் குளிசை. யாருக்கு எது என்று தெரியாமல் வைத்து ஒப்பிட்டார்கள். 2018இல் 'லான்செட்' சஞ்சிகையில் வந்த ஆய்வு, இப்படியான 522 பரிசோதனைகளை ஒன்று சேர்த்தது. 1,16,477 பேர். பார்த்த 21 மருந்துகளும் போலிக் குளிசையை விடக் கூடுதல் பலன் தந்தன. அந்தக் கூடுதல் சராசரியாகப் பெரியதல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குறைகளும் அளந்ததால்தான் வெளியே வந்தன. முதல் மருந்திலேயே முழுச் சுகம் காண்பவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான். பலன் தெரிய வாரங்கள் எடுக்கும். குமட்டல், தூக்கக் குழப்பம் வரலாம். 25 வயதுக்குக் குறைந்தவர்களில் சிலருக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை அமெரிக்காவில் மருந்தோடு சேர்த்தே அச்சிடப்படுகிறது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் வரும். பிள்ளைகள் இதைத்தான் "அடிமையாதல்" என்கிறார்கள். மருந்துக்காக ஏங்கி அளவைக் கூட்டிக்கொண்டே போவதுதான் அடிமையாதல். இது அதுவல்ல. டொக்டரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம்.

கஞ்சாவுக்கு என்ன நடந்தது? இங்கே 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க அபாயகர ஔடதச் சட்டத்தின் கீழ் அது வந்தது. உலகம் முழுவதும் தடைகள் வந்ததால் ஆராய்ச்சியும் மெலிந்தது. இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். 1964இல்தான் அதன் போதைப் பொருளான டி.எச்.சி. பிரித்தெடுக்கப்பட்டது. மூளையில் அதற்கென்றே ஏற்பிகள் இருப்பதும், உடலே அது போன்ற ஒரு பொருளைச் சுரப்பதும் பின்னர் தெரிய வந்தன. 1992இல் கண்ட அந்தப் பொருளுக்கு 'ஆனந்தமைட்' என்று பெயர். ஆம், நமது 'ஆனந்தம்'தான். அந்த ஏற்பியை அடைக்கும் ரிமொனபான்ட் என்ற உடல் மெலிவு மருந்து 2006இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. எடுத்தவர்களில் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடியதால் 2008இல் மீளப்பெறப்பட்டது. ஆகவே கஞ்சா தொடும் இடத்துக்கும் மனநிலைக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. பிள்ளைகள் சொல்வது முழுக்கக் கற்பனை இல்லை.

ஆனால் தொடர்பு இருக்கிறது என்பது, மருந்து என்பதற்குச் சாட்சி ஆகாது. 2019இல் 83 ஆய்வுகளை அலசிய ஆய்வாளர்கள், மனச்சோர்வுக்குக் கஞ்சாப் பொருட்களைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். அதே வருடம் 23,317 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த இன்னோர் ஆய்வு, பதின்ம வயதில் கஞ்சா பாவித்தவர்களுக்குப் பின்னர் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் ஏற்படும் வாய்ப்புக் கூட இருப்பதைக் கண்டது. சுவீடனில் 45,000க்கும் மேற்பட்ட இராணுவ இளைஞர்களைத் தொடர்ந்து பார்த்து 1987இல் வெளிவந்த ஆய்வில், அதிகம் பாவித்தவர்களுக்குச் சிசோஃப்ரினியா வரும் வாய்ப்பு 6 மடங்காக இருந்தது. வெளிநாட்டில் டொக்டர்மார் எழுதிக் கொடுப்பது உண்மைதான். பெரும்பாலும் நாட்பட்ட வலி, வலிப்பு, புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தி போன்றவற்றுக்கு.

"ஆயுர்வேதத்தில் இருக்கே" என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். இருக்கிறது. மதன மோதகம் போன்றவற்றில் சேர்ப்பார்கள். ஆனால் சுத்தி செய்து, அளந்து, வேறு சரக்குகளோடு வைத்தியர் கொடுப்பது வேறு. சந்தியில் வாங்கும் பொட்டலம் வேறு. அதில் டி.எச்.சி. எவ்வளவு, வேறு என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. "இயற்கை" என்பதும் பாதுகாப்புக்குச் சான்றல்ல. சர்ப்பகந்தி எங்கள் பிராந்திய மூலிகைதான். அதிலிருந்து எடுத்த ரெசர்பினை 1950களில் இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்தபோது, சில நோயாளிகள் கடும் மனச்சோர்வில் விழுந்ததாக மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள்.

என் கணிப்பில், பிள்ளைகளைக் குளிசையிலிருந்து விரட்டுவதில் வெட்கத்துக்கும் பெரிய பங்கு உண்டு. "அங்கொடை" என்ற ஊர்ப் பெயரையே ஏச்சுச் சொல்லாக ஆக்கி வைத்திருப்பவர்கள் நாங்கள். கிளினிக் கொப்பியைப் பார்த்தால் கலியாணம் தடைப்படும் என்று பயப்படுகிறோம். கஞ்சா அடிக்கிறவனுக்குப் பக்கத்தில் இருந்து கதைக்க நாலு கூட்டாளிகள் இருக்கிறார்கள். குளிசை குடிக்கிறவன் தனியாக, கதவைப் பூட்டிக்கொண்டு குடிக்கிறான். இந்த நிலையில் அவன் எங்கே போவான்?

செய்ய வேண்டியவை சில. குளிசை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம். ஒத்துவரவில்லை என்றால் டொக்டரிடம் சொல்லுங்கள், வேறு மருந்துகள் உண்டு. கஞ்சா பாவித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு உட்பட சிக்கல்கள் வரலாம். லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு வைத்தியமே போதுமாகவும் இருக்கலாம். களுபோவில, கொழும்பு தேசிய வைத்தியசாலை இரண்டிலும் மனநலக் கிளினிக் இருக்கிறது, காசு இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம், அப்போதே அழையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு பிள்ளையிடம் "மருந்து குடிச்சியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அந்த மருந்து உனக்கு எப்படி இருக்கு?" என்றும் கேளுங்கள். பதிலை முழுதாகக் கேட்டு முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.