கறை போக்கிய கைகள்

தமிழில் ‘கறை’ என்னும் சொல் எப்போதும் இழிவைச் சுட்டுவதில்லை. புறநானூற்றின் கடவுள் வாழ்த்து, இறைவனது மிடற்றுக் கறையை அவனுக்கு அணியாகவே காண்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கதையும் அத்தகையதே. ஆண்டாள் சூடியதால் மாசுபட்டது என்று பெரியாழ்வார் விலக்கிய மாலையைத்தான் பெருமாள் விரும்பினார் என்பர். அவள் சூடிக் களைந்த மாலை இன்றும் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி செல்கிறது. ஆயின் பிறர் கறையைத் தம் கையால் போக்கியோர்க்கு நம் சமூகம் தந்தது என்ன? இவ்வினாவோடு கறை நீக்கிய வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

ஔவையாரின் புறப்பாடல் ஒன்று (311), களர்நிலத்துக் கிணற்றில் புலைத்தி நாள்தோறும் வெளுத்த வெள்ளாடையைக் காட்டுகிறது. களர் என்ற குறிப்பு வெறும் நிலவருணனை அன்று. களர்மண்ணில் உள்ள சோடியம் கார்பனேட்டின் காரம் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும். பிற்காலத்து வண்ணார் உவர்மண் கரைசலில் துணியை நனைத்து வெள்ளாவியில் வேகவைத்ததும் இவ்வறிவின் தொடர்ச்சியே.

ஐரோப்பாவிலும் துணியைக் காரநீரிலும் புளித்த மோரிலும் மாறிமாறி ஊறவைத்து, புல்வெளியில் மாதக்கணக்கில் விரித்தே வெளுத்தனர். 1774இல் ஷீலே குளோரினைக் கண்டறிந்தார். 1785இல் பெர்தொலே அதன் வெளுக்கும் திறனை வெளிப்படுத்தினார். 1799இல் சார்லஸ் டென்னன்ட் சலவைத்தூளுக்குக் காப்புரிமை பெற்றார். மாதங்களில் முடிந்த வேலை நாட்களில் முடிந்தது.

ராஜபாளையத்தில் 1936இல் நூற்பாலை எழுந்தது. அதனை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்வதில் பெயர்பெற்றது. பருத்தி இழையில் இயற்கையாகவே மெழுகு உண்டு. அது இருக்கும்வரை துணி நீரை ஏற்காது. காரத்தில் வேகவைத்து மெழுகை அகற்றி, பின்னர் வெளுத்தால்தான் அத்துணி குருதியை உறிஞ்சும். வெள்ளாவியின் தத்துவமே இங்கு ஆலைக்குள் புகுந்திருக்கிறது.

பருத்திக்குப் பொருந்துவது எல்லா இழைக்கும் பொருந்தாது என்பதை வீட்டுத் தரைவிரிப்பு உணர்த்தும். கம்பளியாலான இரத்தினக் கம்பளத்தைக் கடுங்காரம் அரிக்கும். குளோரின் கலந்த சலவைநீரும் அதற்குப் பகை. தேங்காய் நார் விரிப்பில் லிக்னின் மிகுதி. காரம் பட்டால் பழுப்பேறும். கோரைப்பாயை நெடுநேரம் நனையவிட்டால் பூஞ்சைக் கறை படியும். எனவே பாயில் எண்ணெய் சிந்தினால் உலர்ந்த களிமண் தூளையோ மாவையோ தூவி உறிஞ்சவிட்டுத் தட்டிவிடுவதே தக்கது. மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவக்கும். வெயிலில் காயவிட்டால் மெல்ல மங்கும். வெற்றிலைக் கறையின் செம்மை சுண்ணாம்பின் காரத்தால் விளைவது; அங்கு மேலும் காரம் சேர்ப்பது பேதைமை, எலுமிச்சைச் சாறு போன்ற மென்புளிப்பே ஏற்றது. எதுவாயினும் ஓரத்தில் சோதித்து, ஒற்றி எடுக்கவேண்டும்; தேய்த்தால் கறை இழைக்குள் இறங்கும்.

இத்தனை நுட்பமும் நூலில் பிறந்தவை அல்ல. எந்தக் கறைக்கு எந்த மண், எவ்வளவு சூடு என்பதைத் துறையில் நின்ற ஆண்களும் பெண்களும் கைப்பழக்கமாகக் காத்தனர். ஷீலேயின் பெயரை அறிவியல் வரலாறு பொறித்துவைத்தது. புலைத்தியின் பெயரைப் புறநானூறுகூடச் சொல்லவில்லை, அவள் வெளுத்த ஆடையை உடுத்த தலைவனையே பாடியது. பிறர் அழுக்கைத் தொட்டதனாலேயே அவர்களைத் தீண்டத்தகாதவர் ஆக்கினோம். தலித் மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் இன்னும் கீழே தள்ளப்பட்டனர். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலில் வரும் ஆரோக்கியம், ஊராருக்கு உழைத்தும் கூலிக்கு இரந்து நிற்கும் அவலத்தை நாம் மறக்க இயலாது.

களர்மண்ணின் காரத்தைக் கண்டுகொண்டவர்களும் வேதியியல் அறிஞர்களே. அவர்களுக்குரிய இடத்தை நம் தொழில்நுட்ப வரலாற்றில் எழுதிச் சேர்ப்பது நம் கடன். துணியின் கறைக்கு உவர்மண் இருந்தது. இந்தக் கறையை நாமேதான் கழுவவேண்டும்.