காற்றில்லாப் பையும் ரப்பர் பாலும்



சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் முதலிய பட்டணங்களில் மின்சாமான் கடைகளுக்குப் போகிறவர்கள் இப்போது ஒரு சிறு இயந்திரத்தைக் கண்டிருப்பார்கள். உணவுப் பொருளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பையின் வாயை அதில் வைத்து மூடினால், உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு வாயை உருக்கி ஒட்டிவிடும். கடைக்காரர் இதை 'வேக்கம் சீலர்' என்பார். வெளியூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் கறி சமைத்து அனுப்பும் தாய்மாரும், ஜெராய் மலைக்கும் சுங்கை செடிமுக்கும் முகாம் போகும் இளைஞர்களும் இதை விரும்பி வாங்குகிறார்கள்.

இந்த இயந்திரத்தின் பின்னால் இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நம் தோட்ட மக்களின் உழைப்புக்கும் பங்கு உண்டு. அதோடு, கடைக்காரர் சொல்லாத ஓர் எச்சரிக்கையும் அதற்குள் இருக்கிறது. இம்மூன்றையும் இன்று காண்போம்.

முதலில் நம் முன்னோர் செய்ததைப் பார்ப்போம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் மக்கள், பினாங்குக் கரையைக் காணும் வரை பல நாள் கடலில் கழித்தார்கள். அந்தக் காலத்துக் கிராமத்து வீட்டில் ஐஸ் பெட்டி ஏது? ஆனாலும் கருவாடு இருந்தது. வடகம், வற்றல் இருந்தன. சாடியில் ஊறுகாய் இருந்தது. இவை ஏன் கெடவில்லை? கருவாட்டிலும் வற்றலிலும் ஈரம் இல்லை. ஊறுகாயில் உப்பும் புளிப்பும் மிகுதி. அதன்மேல் நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. ஆக, நம் பாட்டிமார் காற்றைத் தடுப்பதை மட்டும் நம்பவில்லை. அதற்கு முன்பே வெயிலாலும் உப்பாலும் கிருமிக்கு வாழ வழியில்லாமல் செய்துவிட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம். பிரெஞ்சுப் படைகள் ஊர் ஊராகப் போர் செய்த காலத்தில், உணவைக் கெடாமல் வைக்க வழி கண்டவருக்கு அந்நாட்டு அரசு பரிசு தருவதாக அறிவித்தது. நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் 1795 வாக்கில் சோதனை தொடங்கினார். கண்ணாடிப் புட்டியில் உணவை நிரப்பி, தக்கையால் இறுக அடைத்து, கொதிநீரில் நெடுநேரம் வைத்தார். உணவு மாதக்கணக்கில் கெடவில்லை. 1810-ல் அவருக்கு 12,000 பிராங்கு பரிசு கிடைத்தது. தம் முறையை நூலாகவும் அவர் வெளியிட்டார்.

அது ஏன் கெடவில்லை என்பது அப்போது தெளிவாகவில்லை. காற்றுத்தான் குற்றவாளி என்று அறிஞர் பலர் எண்ணினர். 1860-களில்தான் லூயி பாஸ்டர் உண்மையை விளக்கினார். உணவைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். அப்பேரின் புட்டியில் அவற்றைக் கொன்றது வெப்பம். மூடி செய்த வேலை, புதிய கிருமி உள்ளே புகாமல் காத்தது.

கண்ணாடி எளிதில் உடையும் அல்லவா? அதனால் 1810-லேயே இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் என்பவர் தகரக் குவளையில் உணவை அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வெறும் இரும்புத் தகடு துருப்பிடிக்கும். ஆகவே அதன்மேல் வெள்ளீயம் பூசினார்கள். இங்கேதான் நம் நாடு கதைக்குள் வருகிறது. பேராக் மாநிலத்து லாருட், கிந்தாப் பகுதிகளின் ஈயலம்பங்களிலிருந்து வெள்ளீயம் கப்பல் கப்பலாகப் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகத்து வெள்ளீயத்தில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து கிடைத்தது. சீனத் தொழிலாளர் தோண்டிய அந்த ஈயம், கட்டிப்பால் டின்னுக்கும் சார்டின் டின்னுக்கும் பூச்சாயிற்று. பிறகு அதே டின்கள் நம் தோட்டத்துக் கடைக்கு வந்து சேர்ந்தன.

ஈயத்துக்கு அடுத்தது ரப்பர். 1858-ல் அமெரிக்காவில் ஜான் மேசன் என்பவர் திருகு மூடி போட்ட கண்ணாடிச் சாடிக்குக் காப்புரிமை பெற்றார். அத்தகைய சாடிகளின் மூடியில் காற்றுப் புகாமல் காத்தது ஒரு ரப்பர் வளையம். அன்று ரப்பர் பிரேசில் நாட்டுக் காட்டு மரங்களிலிருந்தே பெரும்பாலும் கிடைத்தது. 1876-ல் ஹென்றி விக்காம் அங்கிருந்து விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில கோலக்கங்சாரில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீடோங், கூலிம், சுங்கை பட்டாணி வட்டாரங்களில் காடு அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அந்த மரங்களைச் சீவ வந்தவர்கள் நம் பாட்டன்மார், பாட்டிமார்.

விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், மரம் மரமாகச் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து அவர்கள் ஸ்டோருக்குச் சுமந்தார்கள். அப்படிப் போன பால் வண்டிச் சக்கரத்துக்கு மட்டும்தான் பயன்பட்டது என்று நாம் நினைக்கிறோம். உணவு டின்னின் மூடி விளிம்பில் காற்றுப் புகாமல் அடைக்கும் பசையும் ரப்பர் பாலிலிருந்து செய்யப்பட்டது. இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1930-களில் பிரான்சு நாட்டில் இறைச்சியைக் காற்று நீக்கிப் பொதிய முதலில் பயன்படுத்திய பைகள் ரப்பர் பாலால் ஆனவை. டூவி அண்ட் ஆல்மி என்ற அமெரிக்க நிறுவனம் அம்முறையைத் தன் நாட்டுக்குக் கொண்டுசென்றது. 1942-ன் தொடக்கத்தில் ஜப்பானியர் மலாயா முழுவதையும் பிடித்துவிட்டதால் இங்கிருந்து மேல்நாடுகளுக்கு ரப்பர் போவது நின்றுபோனது. 1940-களில் ரப்பர் பைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பை வந்தது. 1980-களில் வீட்டுக்கான சிறு இயந்திரங்களும் விற்பனைக்கு வந்தன. இன்று அந்தப் பைகள் பெரும்பாலும் இரண்டு பொருளால் ஆனவை: வெளியே காற்றைத் தடுக்கும் நைலான், உள்ளே சூட்டில் உருகி ஒட்டும் பாலிஎத்திலீன்.

இனி எச்சரிக்கைக்கு வருவோம். 1895-ல் பெல்ஜியம் நாட்டின் எல்செல் என்ற சிற்றூரில், ஒரு சாவு வீட்டுக்கு வாத்தியம் வாசிக்க வந்தவர்கள் உப்பில் ஊறிய பன்றித் தொடைக்கறியை உண்டார்கள். பலர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். பேராசிரியர் வான் எர்மெங்கெம் அந்த இறைச்சியை ஆராய்ந்து ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார். அது காற்றில்லாத இடத்தில்தான் வளரும்! அது உண்டாக்கும் நஞ்சு நரம்பைத் தாக்கி, கண் இமையைத் தளர்த்தி, கடைசியில் மூச்சையே நிறுத்தவல்லது. இந்நோய்க்கு பொட்டுலிசம் என்று பெயர். அக்கிருமியின் வித்துகள் சாதாரணக் கொதிநீரிலும் சாவதில்லை. டின் உணவுத் தொழிற்சாலைகளில் அழுத்தக் கலனில் 121 பாகை வரை சூடேற்றுவது இதற்காகத்தான்.

1963-ல் அமெரிக்காவில், காற்று நீக்கிய பைகளில் வந்த புகையிட்ட மீனை உண்டு சிலர் உயிரிழந்தனர். மீன் குளிரில் இருந்திருக்க வேண்டும். ஆனால் அதைப் போதிய குளிரில் வைக்காமல் வெகுதூரம் கொண்டுபோயிருந்தார்கள். வெப்பத்தில் நின்ற அந்தப் பையே கிருமிக்கு வசதியான வீடாயிற்று. பார்க்கவும் முகரவும் நன்றாக இருக்கும் உணவிலும் இந்த நஞ்சு இருக்கலாம் என்பதே பெரிய ஆபத்து.

தாய்மாரே, இதன் பொருள் என்ன? பையில் காற்றை நீக்குவது பாதி வேலைதான். மற்றப் பாதியை ஈரமின்மை செய்ய வேண்டும், அல்லது குளிர் செய்ய வேண்டும். நன்கு காய்ந்த நெத்திலி, அப்பளம், மிளகாய்த்தூள், வறுத்த கடலை ஆகியவற்றைக் காற்று நீக்கி ஒட்டி அலமாரியில் வைக்கலாம். நமத்துப்போகா, சிக்கும் ஏறாது. ஆனால் கறிக்குழம்பு, சோறு, சம்பால், அவித்த காய் இவற்றை ஒட்டி மேசைமேல் வைக்கவே கூடாது. எண்ணெயில் ஊறிய பச்சைப் பூண்டும் அப்படித்தான். சமைத்ததைச் சீக்கிரம் ஆறவைத்து, ஒட்டிய உடனே ஐஸ் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளில் உண்டுவிடுங்கள். நெடுநாள் வேண்டுமானால் உறைபெட்டியில், அதாவது சுழிக்குக் கீழே 18 பாகைக் குளிரில் வையுங்கள். உறைந்த மீன் பையை வெளியே எடுத்து வெயிலில் இளகவிடாதீர்கள். பையின் வாயைத் திறந்து, ஐஸ் பெட்டிக்குள்ளேயே இளகவிடுங்கள்.

முகாமுக்குப் போகும் பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளுங்கள். உறைந்த இறைச்சியை ஐஸ் நிரப்பிய பெட்டியில் கொண்டுபோய் முதல் நாளே சமைத்துவிட வேண்டும். இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் கருவாடு, நெத்திலி, பருப்பு, அரிசி என உலர்ந்தவையே துணை. தீப்பெட்டியையும் மாற்றுத் துணியையும் அதே பையில் ஒட்டிக்கொண்டால், மழையில் நனையாமல் இருக்கும்.

கெடாவில் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது; சில இடங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து வாசலில் கருவாடு காயவைத்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே சிலர் இருக்கிறார்கள். எந்த மீனுக்கு எவ்வளவு உப்பு, எத்தனை வெயில் என்று பிள்ளைகள் அவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கணக்குத் தெரிந்தவர் வீட்டில் புதிய இயந்திரத்தை நம்பிக் கையாளலாம்.