பாட்டு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது

'மனுசங்கடா' பாட்டு யாருடையது என்று நம் முகாம்களில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் கே.ஏ.குணசேகரன் என்பார்கள். மீதிப் பேர், "அது நாட்டுப்புறப் பாட்டுங்க, யார் எழுதினதுன்னு யாருக்குத் தெரியும்" என்பார்கள். எழுதியவர் இன்குலாப். கீழக்கரையில் 1944இல் பிறந்த சாகுல் அமீது, சென்னை புதுக்கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது. அந்தத் தீயைப் பேசுகிற பாட்டு அது.

ஆனால் பாதிப் பேர் சொல்லும் பதிலிலும் ஒரு உண்மை இருக்கிறது. புத்தகத்தில் இருந்த கவிதையைச் சேரித் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது குணசேகரனின் தொண்டை. 1955இல் சிவகங்கைப் பக்கம் மாரந்தையில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். இளையான்குடியில் முஸ்லிம்கள் தன்னைச் சக மனிதனாக நடத்தியதையும், சாதி இந்துக் கிராமங்களுக்குள் கால் வைத்ததுமே நிலைமை மாறியதையும் 'வடு' (2005) தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். படிக்காதவர்கள் இந்த மாதமே படித்துவிடுங்கள், சின்னப் புத்தகம்தான். பேராசிரியர், 'பலி ஆடுகள்' நாடகம் எழுதியவர், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். இத்தனை பட்டங்களையும் தாண்டி, ஊர் ஊராகத் 'தன்னானே' குழுவோடு போய்ப் பாடியவர் என்றுதான் மக்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அவர் மேடையில் பாடியவற்றில் பெரும்பகுதி வயலிலும் களத்திலும் பெயர் தெரியாத பெண்களும் ஆண்களும் கட்டிய பாட்டுகள். கூடவே இன்குலாப் போன்ற கவிஞர்களின் வரிகள். இன்றைய இசைச் சந்தையில் பிறர் பாட்டை எடுத்துப் பாடுவதைக் 'கவர்' என்கிறார்கள். ஆல்பம் வரும், அதை விற்க ஊர் ஊராகக் கச்சேரி நடக்கும். குணசேகரனின் பயணம் அப்படிப்பட்ட விளம்பரப் பயணம் இல்லை. இடதுசாரி மேடையும் தலித் இயக்க மேடையும் கூப்பிட்ட இடத்துக்குப் போனார். கேசட்டும் வந்தது. கேசட் காலத்தில் ஒருவர் வாங்கினால் போதும், அதிலிருந்து பத்துப் பேர் பதிவு செய்துகொள்வார்கள். முதலாளிக்கு அது நட்டம். இயக்கத்துக்கு வேறு என்ன வேண்டும்?

'நாட்டுப்புறம்' என்ற சொல்லை அமெரிக்காவிலும் ஒரு சந்தை பிடித்துவைத்திருக்கிறது. கன்ட்ரி இசை என்றால் வெள்ளைக்காரர்களின் இசை என்றுதான் உலகம் நினைக்கிறது. ஆனால் அந்த இசையின் அடையாளமான பாஞ்சோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கருவியிலிருந்து வந்தது. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் வெள்ளையருக்கு ஒரு வரிசை, கறுப்பருக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று இன்னொரு வரிசை வைத்து விற்றன. பாட்டுக்குள் ஊரும் சேரியும் பிரிந்தது அப்படித்தான். சமூகவியல் படிக்கிற மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பிரிவினை முதலில் காதில் இல்லை, கடையில் இருந்தது.

1962 ஏப்ரலில் ரே சார்லஸ் என்ற கறுப்பினப் பாடகர் அந்தக் கோட்டைத் தாண்டினார். டான் கிப்சன், ஹாங்க் வில்லியம்ஸ் போன்றவர்களின் கன்ட்ரி பாட்டுகளைத் தன் குரலில் பாடி ஓர் ஆல்பமே போட்டார். அதிலிருந்து ஒரு பாட்டு 5 வாரம் அமெரிக்காவின் முதலிடத்தில் இருந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது. 1961 மார்ச்சில் ஜார்ஜியா மாநிலம் அகஸ்டாவில் அவர் கச்சேரி. ஆடுகளம் வெள்ளையருக்கு, கறுப்பருக்கு மாடத்தில் இடம். அந்த ஊர் பெயின் கல்லூரி மாணவர்கள் இதைத் தெரிவித்து அவருக்குத் தந்தி அனுப்பினார்கள். அவர் பாட மறுத்தார். ஏற்பாட்டாளர் வழக்குப் போட, 757 டாலர் கட்ட வேண்டிவந்தது. பிறகு வந்த 'ரே' திரைப்படம், ஜார்ஜியா அவரைத் தடை செய்ததாகக் காட்டுகிறது. அப்படி ஒரு தடை இருக்கவில்லை. அந்தத் தந்தி அனுப்பிய மாணவர்கள் பெயரும் யாருக்கும் நினைவில்லை.

பெயர் விழுந்துபோவது பழைய கதையும் இல்லை. 'எஞ்சாய் எஞ்சாமி'யை எழுதிப் பாடிய அறிவு, 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் இல்லை. பா.ரஞ்சித் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். அடுத்த ஆண்டு சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க மேடையில் அதே பாட்டு அறிவு இல்லாமலேயே பாடப்பட்டது. நிலமற்ற தேயிலைத் தோட்டக் கூலிகளின் நினைவிலிருந்து எழுந்த பாட்டு அது.

பிறர் பாட்டைப் பாடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. குணசேகரன் பாடியிருக்காவிட்டால் இன்குலாபின் வரி நம் ஊர்வலத்துக்கு வந்திருக்காது. பாடுகிறவர் யார் பக்கம் நின்று பாடுகிறார், எந்த மேடைக்குப் போக மறுக்கிறார், பாட்டின் சொந்தக்காரரை எங்கே வைக்கிறார் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி எங்கள் கல்வராயன் மலைக்கும் வந்துவிட்டது. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கூலியில்லா உழைப்புக் கொடுத்த மலையாளிப் பழங்குடி மக்களின் மலை இது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, கேமரா எல்லாம் மலைக்கு ஏறியது. சாராயத்தைத் தேடி வந்தவர்கள், போகிற போக்கில் நடவுப் பாட்டையும் தாலாட்டையும் பதிவு செய்துகொண்டு போனார்கள். அவற்றில் சிலவற்றை இணையத்தில் பார்த்தேன். 'மலைவாழ் மக்கள் பாடல்' என்று தலைப்பு. படம் பிடித்தவர் பெயர் இருக்கிறது, பின்னணி இசை சேர்த்தவர் பெயர் இருக்கிறது. பாடிய அம்மாவின் பெயர் இல்லை. நம் அமைப்புத் தோழர்கள் எடுத்த பதிவுகளிலும் இப்படி இரண்டு பார்த்தேன் என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன். மலைக்குப் போகிறவர்கள் பாட்டோடு பாடியவர் பெயரையும் ஊரையும், யாரிடம் கற்றார் என்பதையும் கேட்டு, அவர் சம்மதித்தால் எழுதிக்கொண்டு வாருங்கள்.

குணசேகரன் புதுச்சேரியில் இறந்தது 2016 ஜனவரி 17. ஐதராபாத் பல்கலைக்கழக விடுதியில் ரோகித் வெமுலா இறந்ததும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். இன்குலாப் அதே ஆண்டு டிசம்பர் 1இல் போனார். அந்த ஜனவரியின் தொடக்கத்தில்தான் மயிலாடுதுறை அருகே திருநாள்கொண்டச்சேரியில், நீதிமன்றம் சொல்லியும் ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப் பாதையில் கொண்டுபோக விடவில்லை. அப்படி ஒரு மகனின் போராட்டத்தை அம்ஷன் குமார் 2017இல் படமாக எடுத்தார். படத்தின் பெயர் 'மனுசங்கடா'.