இருபதாயிரம் ரூபாய் யாருக்கு?

அபராதம் வேறு, இழப்பீடு வேறு. இரண்டுமே தவறு செய்தவர் பையிலிருந்துதான் போகின்றன. ஆனால் அபராதம் கஜானாவுக்குப் போகும். இழப்பீடு பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குப் போகும். நீதிபதி நினைத்தால் அபராதத்தில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் சொல்லலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357-ஆம் பிரிவில் இருந்தது. அது அவர் விருப்பத்தைப் பொறுத்தது. கட்டாயம் இல்லை.

சிவகாசிப் பிள்ளைகள் விஷயத்தில் இது மாறியது. 1985 டிசம்பர் கணக்குப்படி இப்பகுதியில் பதிவு பெற்ற தீப்பெட்டி ஆலைகள் 221. தொழிலாளர்கள் 27,338 பேர். அவர்களில் 2,941 பேர் குழந்தைகள். இது பதிவேட்டில் இருந்த கணக்கு மட்டுமே. வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டிய பிள்ளைகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்பது நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

இதற்காக வழக்கறிஞர் எம்.சி.மேத்தா உச்ச நீதிமன்றம் போனார். 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் முதலாளிக்குச் சிறையும் அபராதமும் விதித்ததே தவிர, வேலை பார்த்த பிள்ளைக்கு ஒன்றும் தரவில்லை. 1996 டிசம்பர் 10-ல் வந்த தீர்ப்பு அந்தக் குறையைப் போக்கியது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். பிள்ளையை நிறுத்திவிட்டேன் என்று சொல்லியும் தப்ப முடியாது. அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும். முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்த்துப் போட வேண்டும். அசலைத் தொடக்கூடாது. பிள்ளை பள்ளிக்குப் போகும் வரை வட்டி மட்டும் குடும்பத்துக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 25,000 ரூபாய்க்கு 10 சதவீத வட்டி என்றாலும் மாதம் 200 ரூபாய் சொச்சம்தான். ஒரு பிள்ளையின் கூலிக்கு அது ஈடாகுமா? ஆகாது. ஆனாலும் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது. 2016-ல் சட்டத்தைத் திருத்தியபோது, முதலாளி கட்டும் அபராதமே பிள்ளையின் பெயரில் மறுவாழ்வு நிதிக்குப் போகும்படி செய்தார்கள். அரசும் தன் பங்காக 15,000 ரூபாய் போட வேண்டும்.

முதலாளி தலைமறைவாகிவிட்டால்? கையில் பணமில்லை என்றால்? 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாகவே விசாரித்த தேசிய பசுமைத் தீர்ப்பாயம், இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் என்றது. அரசு பொறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது. முதலில் கொடுத்துவிட்டு, தவறு செய்தவர்களிடம் பிறகு வசூலித்துக்கொள்ளலாம் என்றது.

இதுதான் சரியான வரிசை என்று எனக்குப் படுகிறது. வசூலிக்க அரசுக்குத் தாசில்தார் முதல் கலெக்டர் வரை ஆள் இருக்கிறார்கள். தாலி இழந்த பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?