நிற்பதற்கு ஓர் இடம்

மனாஸஸ் ஊரைத் தாண்டியதும் ஐ-66 நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி எங்களைக் கடந்து போனது. அந்தக் காற்றில் எங்கள் பின்னால் வந்த டிரெய்லர் லேசாக அசைந்தது. பிறகு அந்த அசைவு நிற்கவில்லை. இடது, வலது என்று ஆட்டம் அகலமாகிக்கொண்டே போனது. ஸ்டீயரிங் என் கையில்தான் இருந்தது, வண்டி என்னிடம் இல்லை. "ஏங்க, பிரேக்கப் போடுங்க" என்றாள் மனைவி. போட்டேன். ஆட்டம் கூடியது. பயத்தில் காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேகம் குறையக் குறைய டிரெய்லர் அடங்கியது. அறிவால் செய்ததல்ல. வேறு எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. டிரெய்லரின் சமையலறை பின்பக்கம். அரிசி மூட்டை, குக்கர், தோசைக்கல், எல்லாம் அங்கே. தண்ணீர்த் தொட்டியும் அங்கேயேதான். கிளம்பும்போதே நூறு லிட்டர் பிடித்திருந்தோம், அதாவது நூறு கிலோ. டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு முன்னாலிருக்கும் ஹிட்ச் மேல் அழுந்த வேண்டும். பாரம் பின்னால் போய்விட்டால் வால்தான் நாயை ஆட்டும். ஆட ஆரம்பித்தால் காரின் பிரேக்கைத் தொடாமல், டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்த வேண்டும். அது பின்னாலிருந்து பிடித்து இழுத்து நேராக்கும். அதற்கான சின்னப் பெட்டி என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வாடகைக்குக் கொடுத்தவர் சொல்லித்தான் கொடுத்தார். நானும் தலையாட்டினேன்.

1954-ல் வின்சென்ட் மினெல்லி இயக்கிய 'தி லாங், லாங் டிரெய்லர்' படம் இந்தக் கதைதான். லூசில் பால் போகிற இடமெல்லாம் ஞாபகார்த்தமாகக் கல் பொறுக்கி டிரெய்லரில் சேர்ப்பார். கணவன் தூக்கி எறியச் சொல்வான். அவர் ஒளித்துவைப்பார். மலைப்பாதையில் அந்தக் கற்கள் உருளும்போது நானும் முன்பு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். தொட்டியைத் திறந்து நூறு லிட்டரையும் சாலையோரப் புல்லில் விட்டுக்கொண்டிருந்தபோது சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் தேரை இழுக்க ஊரே வரும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்பவும் நிறுத்தவும் சிலருக்குத்தான் தெரியும். டிரெய்லரின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு அந்த முட்டுக்கட்டைக்காரர்களே ஞாபகத்துக்கு வந்தார்கள். இழுப்பது எப்படி என்பது இதில் சீக்கிரமே தீர்ந்துபோன விஷயம். எப்படி நிற்பது, எங்கே நிற்பது என்பதில்தான் சண்டை முழுக்க.

உல்லாசத்துக்காக ஒரு வீட்டை வண்டியில் இழுத்துக்கொண்டு போன முன்னோடிகளில் கோர்டன் ஸ்டேபிள்ஸ் முக்கியமானவர். ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர், சிறுவர் சாகசக் கதைகள் எழுதியவர். 1885-ல் பிரிஸ்டலில் கட்டிய 'வாண்டரர்' என்ற வண்டியில், இரண்டு குதிரைகள் இழுக்க, தென் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்குப் போனார். எடை ஏறக்குறைய இரண்டு டன். அவருடைய வேலையாள் ஃபோலி மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே போவார், குறுகிய பாதையில் எதிரே வருகிறவர்களை எச்சரிக்க. புத்தகம் எழுதியவர் ஸ்டேபிள்ஸ். எனக்கென்னவோ ஃபோலியின் புத்தகம் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் படிப்பேன்.

அமெரிக்காவில் இது பரவியது ஃபோர்டின் மாடல் டி காருக்குப் பிறகு. 1919-ல் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்றொரு சங்கம் உருவானது. ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்திருப்பதுதான் அடையாளம். ஊர்கள் முதலில் இலவசமாக முகாம் இடம் கொடுத்தன. பணக்காரர்கள் மட்டுமல்ல, ஏழைகளும் வந்து தங்குகிறார்கள் என்று தெரிந்ததும் கட்டணம் வைத்தன.

1929-ல் டெட்ராய்ட்டின் ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியலாளர் சில நிமிடங்களில் விரித்துவிடலாம் என்ற விளம்பரத்தை நம்பி ஒரு மடிப்பு டிரெய்லர் வாங்கினார். முதல் பயணத்திலேயே மழை. நிமிடங்கள் மணிகளாயின. வெறுத்துப்போய் நாலு பக்கமும் கெட்டியான சுவர் வைத்த பெட்டி ஒன்றைத் தானே வடிவமைத்துச் செய்யவைத்தார். மழையில் நனைந்த அந்த எரிச்சல்தான் 'கவர்டு வேகன்' நிறுவனமாகி, 1930-களின் நடுவில் நாட்டின் மிகப்பெரிய டிரெய்லர் தயாரிப்பாளராக வளர்ந்தது.

அது பெருமந்தக் காலம். வீடிழந்தவர்கள் டிரெய்லரிலேயே குடியிருந்தார்கள். இன்னும் இருபது வருடத்தில் பாதி அமெரிக்கர்கள் டிரெய்லரில்தான் வசிப்பார்கள் என்று ரோஜர் பாப்சன் ஆரூடம் சொன்னார். அது பலிக்கவில்லை. ஆனால் ஊர்கள் பயந்தன. வரி கட்டாதவர்கள் நம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்த்துவிடுவார்களே என்று, இத்தனை நாளுக்கு மேல் நிற்கக்கூடாது என விதி போட்டன.

நாங்கள் ஃபிரண்ட் ராயல் வழியாக ஷெனன்டோவா தேசியப் பூங்காவுக்குள் நுழைந்தோம். மலைமுகட்டிலேயே 105 மைல் ஓடும் ஸ்கைலைன் டிரைவ், வேகம் மணிக்கு 35 மைல்தான். எனக்குப் பரம திருப்தி. மேரிஸ் ராக் குகைப்பாதைக்கு முன் 12 அடி 8 அங்குலம் என்று பலகை. எங்கள் டிரெய்லர் எவ்வளவு உயரம்? தெரியாது. நிறுத்தி, வாடகைக் காகிதத்தைத் தேடிப் படித்தோம். பத்தரை அடி. மனைவி அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டினாள்.

பிக் மெடோஸ் தகவல் மையத்தில் பூங்காவின் வரலாற்றைச் சொல்லும் கண்காட்சி இருக்கிறது. டீ குடிக்கிற இடைவெளியில் சும்மா பார்க்கப்போனோம். இந்தப் பூங்காவுக்காக மலையில் வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டதும், 1936-ல் ரூஸ்வெல்ட் வந்து அர்ப்பணித்ததும் ஓரளவு படித்திருந்தேன். நாங்கள் தங்கப்போகிற லூயிஸ் மவுண்டன் பற்றித் தெரியாது. சின்ன இடம், கூட்டம் இருக்காது என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தோம். அது 1939-ல் கறுப்பினத்தவர்களுக்கென்று தனியாகத் திறக்கப்பட்ட முகாம். வாசலில் அப்படியே எழுதிப் பலகையும் வைத்திருந்தார்கள். மத்திய அரசின் நிலம்தான். ஆனால் வர்ஜீனியாவின் வழக்கம் என்று சொல்லிப் பிரித்தார்கள். உள்துறைச் செயலாளர் ஹெரால்ட் இக்கிஸின் ஆலோசகராக இருந்த வில்லியம் டிரென்ட் இதை எதிர்த்து விடாமல் வாதாடினார். பூங்காவில் எல்லாரும் எங்கும் தங்கலாம் என்று முழுதாக ஆக 1950 வரை ஆயிற்று.

1959-ல் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனர் வாலி பையம் தலைமையில் வெள்ளி டிரெய்லர்களின் வரிசையொன்று கேப்டவுனிலிருந்து கெய்ரோவுக்குப் புறப்பட்டது. வழியில் எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியே அவர்களைச் சந்தித்தார். அதே ஆண்டில் அமெரிக்காவின் தெற்கே போகிற கறுப்பினக் குடும்பம், இரவு எந்த ஊரில் நின்றால் ஆபத்தில்லை என்று விக்டர் ஹியூகோ கிரீனின் 'கிரீன் புக்'கைப் புரட்டிக்கொண்டிருந்தது. ஹிட்ச், பிரேக், எடைக் கணக்கு, எல்லாம் அவர்களும் கற்றிருப்பார்கள். அவர்களுக்குப் பாடம் அங்கே முடியவில்லை.

கண்காட்சியை விட்டு வெளியே வந்ததும் மனைவி, "அப்போ நாம வந்திருந்தா நம்மள எங்க நிறுத்தச் சொல்லியிருப்பாங்க?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். 1946 வரை இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் தகுதியே இந்த நாட்டில் கிடையாது. "வந்திருக்கவே மாட்டோம்" என்றேன். "அது பதில் இல்ல" என்றாள்.

லூயிஸ் மவுண்டனில் இருட்டத் தொடங்கியிருந்தது. பின்னோக்கி எடுக்க வேண்டும். ஸ்டீயரிங்கின் அடியில் கை வைத்து, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்த வேண்டும் என்பது விதி. மேலே பிடித்தால் மூளை குழம்பிவிடும். மூன்று முறை மரத்தை நோக்கியே போனேன். மனைவி டார்ச்சுடன் வந்து ஜன்னலைத் தட்டினாள். "கண்ணாடில நான் தெரியணும். நான் தெரியலன்னா வண்டிய நகத்தக்கூடாது. புரியுதா?" ஃபோலி இதைத்தான் சொல்லியிருப்பார், கொஞ்சம் மரியாதையாக.

ஐந்தாவது முறை உள்ளே போய்விட்டது. தாழ்ந்திருந்த பக்கச் சக்கரத்துக்கடியில் பலகை வைத்து ஏற்றினேன். அடுத்து ஹிட்ச்சைக் கழற்றக் குனிந்தேன். "மொதல்ல சக்கரத்துக்குக் கட்டை" என்றாள். அவள் சொன்னதுதான் சரியான வரிசை. மாற்றிச் செய்தால் டிரெய்லர் தானாகச் சரிவில் இறங்கிப் போய்விடும். கட்டை கொடுத்து, கழற்றி, முன்பக்க ஜாக்கைச் சுற்றி மட்டம் பார்த்தோம்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றேன்.

"ஒன்னேகால் மணி. தண்ணிய வேற கீழ விட்டாச்சு. போய் கொடத்துல புடிச்சிட்டு வாங்க."

குழாய் நாலு இடம் தள்ளி இருந்தது.