பதிவேட்டில் ஏறியதும் ஏறாததும்

கடலில் ஓடும் கப்பலின் வேகத்தை அறிவதற்கு முற்கால மாலுமிகள் ஓர் எளிய உபாயத்தைக் கையாண்டனர். முடிச்சுகள் இட்ட நீண்ட கயிற்றின் நுனியில் ஒரு மரக்கட்டையைப் பிணைத்துக் கடலில் எறிவர். மணற்கடிகாரத்தில் மணல் வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கைவிட்டுச் சென்றன என்று எண்ணுவர். அந்த எண்ணிக்கையே கப்பலின் வேகம். அம்மரக்கட்டைக்கு ஆங்கிலத்தில் லொக் என்று பெயர். கட்டை காட்டிய கணக்கை எழுதிவைத்த புத்தகம் லொக் புத்தகம் ஆயிற்று. நாளடைவில் காற்றின் திசை, வானிலை, கப்பலில் நேர்ந்த பழுது, மாலுமியின் மரணம் ஆகிய யாவும் அப்புத்தகத்தில் இடம்பெறலாயின.

நீராவி யந்திரம் நிலத்துக்கு வந்தபோது இவ்வழக்கமும் அதனுடன் கரையேறியது. 1839 ஆம் ஆண்டில் வில்லியம் ஓட்டிஸ் என்னும் அமெரிக்கர், நீராவியால் மண் அகழும் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பல மனிதர் மண்வெட்டியும் கூடையும் கொண்டு செய்த வேலையை அகழ்பொறி ஒன்று செய்தது. ஆயினும் அது விலையுயர்ந்த யந்திரம். வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அதன் கொதிகலன் நிலக்கரியை விழுங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே, அது எத்தனை மணித்தியாலம் ஓடிற்று, எவ்வளவு மண்ணை அள்ளிற்று, எவ்வளவு நேரம் நின்றது, ஏன் நின்றது என்ற கேள்விகளுக்கு விடை எழுதிவைப்பது இன்றியமையாததாயிற்று. இன்று புல்டோசரை ஓட்டுபவர் வேலை முடிந்து இறங்குமுன் நிரப்பும் பதிவேட்டிலும் இக்கேள்விகளே இருக்கின்றன.

இத்தகைய கணக்கின் பெருமையையும் குறையையும் ஒருங்கே காட்டும் வரலாறு ஒன்று உண்டு. அது பனாமாக் கால்வாயின் வரலாறு.

1904 ஆம் ஆண்டில் அமெரிக்கர் அக்கால்வாய் வேலையைப் பொறுப்பேற்றனர். அட்லாந்திக், பசுபிக் ஆகிய இரு சமுத்திரங்களுக்கும் இடையே முதுகெலும்பு போல நிற்கும் மலைத்தொடரைக் குலெப்ரா என்னும் இடத்தில் பிளக்கவேண்டியிருந்தது. அந்த வெட்டின் நீளம் ஏறத்தாழ 9 மைல். அங்கிருந்து அகற்றப்பட்ட மண்ணும் பாறையும் சுமார் 10 கோடி கன யார்.

1905 இல் பிரதம பொறியியலாளராக வந்த ஜோன் ஸ்டீவன்ஸ் புகையிரதப் பாதை அமைப்பதில் கைதேர்ந்தவர். அவர் குலெப்ராவில் நடந்துகொண்டிருந்த அகழ்வையே நிறுத்திவிட்டார். அகழ்பொறி எவ்வளவு வேகமாகத் தோண்டினாலும், தோண்டிய மண்ணை ஏற்றிச் செல்லும் வண்டி வராவிட்டால் வாளியை அந்தரத்தில் தூக்கியபடி அது காத்து நிற்கவேண்டியதே. ஆகவே, இது மண் தோண்டும் பிரச்சினையன்று, மண்ணைக் கொண்டுசெல்லும் பிரச்சினை என்பதை அவர் கண்டார். தண்டவாளங்களை ஒழுங்குசெய்து, தொழிலாளருக்குக் குடியிருப்புகள் அமைத்து, நோய் தடுக்கும் பணிக்குத் துணைநின்ற பின்னரே அகழ்வை மும்முரமாகத் தொடங்கினார். வேலை செய்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவது மட்டும் போதாது, வேலையின்றி நின்ற நேரத்தையும் அதன் காரணத்தையும் எழுதவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அவருக்குப் பின் 1907 இல் பொறுப்பேற்றவர் ஜோர்ஜ் கோதல்ஸ் என்னும் இராணுவப் பொறியியலாளர். அவ்வாண்டு செப்டெம்பர் 4 ஆம் திகதி கனால் றெக்கோட் என்ற வாரப் பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. அதன் ஆசிரியர் ஜோசப் பிஷப். ஒவ்வொரு அகழ்பொறியும் எத்தனை கன யார் அகழ்ந்தது என்ற விவரம் அதன் இலக்கத்துடன் அப்பத்திரிகையில் அச்சாயிற்று. அதுவரை அலுவலக அலுமாரியில் உறங்கிய கணக்கு ஊரறிந்த செய்தியாயிற்று. அடுத்த பொறி எவ்வளவு தோண்டிற்று என்பதை ஒவ்வொரு குழுவும் ஆவலுடன் தேடிப் படித்தது. ஒருவரையொருவர் விஞ்சவேண்டும் என்ற போட்டி மூண்டது. மேலதிகாரியின் அதட்டலால் ஆகாத காரியத்தை ஒரு பட்டியல் ஆக்கிவைத்தது.

அங்கு வேலைசெய்த பெரிய அகழ்பொறிகள் 95 தொன் நிறையுடையவை. அவற்றின் வாளி ஒருமுறை ஐந்து கன யார் மண்ணை அள்ளும். 1910 மார்ச் மாதத்தில் 123 ஆம் இலக்கப் பொறி 26 நாள் வேலையில் சுமார் 70,000 கன யார் அகழ்ந்து சாதனை படைத்தது. இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 கன யார். வாளி ஒவ்வொரு தடவையும் நிரம்பியதாகவே கொண்டாலும், நாளொன்றுக்கு அது 540 தடவை நிலத்தில் இறங்கி எழுந்திருக்கவேண்டும். 1913 மே 20 ஆம் திகதி 222 ஆம், 230 ஆம் இலக்கப் பொறிகள் எதிரெதிராகத் தோண்டிவந்து, கால்வாயின் அடித்தளத்தில் ஒன்றையொன்று சந்தித்தன. அந்த இலக்கங்கள் இன்றுவரை சரித்திரத்தில் நிலைத்திருக்கின்றன.

பொறிகளின் இலக்கங்கள் நிலைத்தன. மனிதரின் கதி என்ன? ஓர் அகழ்பொறியைச் சுற்றிப் பத்துப் பேர் வரையில் வேலைசெய்தனர். நெம்புகோல்களைப் பிடித்த சாரதியும், தூக்குமரத்தில் அமர்ந்து வாளியைத் திறந்துவிட்டவரும் அமெரிக்கர். பொறி முன்னேற முன்னேற அதன் முன்னே தண்டவாளம் இட்டவர்களும், பாறையில் வெடிமருந்து இறக்கியவர்களும் பெரும்பாலும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர். பார்படோஸ் தீவிலிருந்து மாத்திரம் சுமார் 20,000 பேர் சென்றனர். ஒப்பந்தம் 500 வேலைநாட்களுக்கு. கூலி மணித்தியாலத்துக்கு 10 சதம். அமெரிக்கருக்குப் பொன் நாணயத்திலும் இவர்களுக்கு வெள்ளி நாணயத்திலும் சம்பளம் கொடுக்கப்பட்டது. வீடு, கடை, வைத்தியசாலை யாவற்றிலும் இந்தப் பொன், வெள்ளிப் பிரிவினை ஆட்சி செய்தது. வெள்ளிப் பட்டியலைச் சேர்ந்தவர் இலக்கம் பொறித்த பித்தளைத் தகடு ஒன்றைச் சுமந்து திரிந்தார். நேரங்குறிப்பவரின் ஏட்டில் அவர் ஓர் இலக்கமே.

மழைக்காலத்தில் குலெப்ராவின் சரிவுகள் நழுவி விழுந்தன. பல மாத உழைப்பு ஓரிரவில் மூடப்பட்டது. அகழ்ந்த இடத்தையே மீண்டும் அகழவேண்டியதாயிற்று. வெடிக்காமல் மண்ணுள் கிடந்த மருந்தில் வாளி பட்டு உயிர்கள் போனதும் உண்டு. 1908 டிசெம்பர் 12 ஆம் திகதி பாஸ் ஒபிஸ்போ என்ற இடத்தில் வெடிமருந்து குறித்த காலத்துக்கு முன்பே வெடித்து 23 பேர் மாண்டனர். அமெரிக்கர் கால்வாய் வெட்டிய காலத்தில் நோயாலும் விபத்தாலும் இறந்தோர் தொகை 5,609 என்று வைத்தியசாலைக் கணக்குகள் கூறுகின்றன. அவர்களுள் சுமார் 4,500 பேர் கறுப்பினத் தொழிலாளர். கன யார் போட்டியின் பட்டியலில் இம்மரணங்களுக்கு ஒரு நிரல் இருக்கவில்லை. அப்பட்டியல் பொய் சொல்லவில்லை. தன்னிடம் கேட்கப்பட்டதை மாத்திரமே சொன்னது.

1914 ஆகஸ்ட் 15 ஆம் திகதி கால்வாய் திறக்கப்பட்டது. ஏறத்தாழ அரைநூற்றாண்டுக்குப் பின், 1963 இல், பனாமாவில் இயங்கிய வரலாற்றுக் கழகம் ஒன்று, கால்வாய் கட்டிய காலத்து உண்மை அனுபவங்களை எழுதி அனுப்புமாறு பழைய தொழிலாளரை அழைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட முதியவர்கள் எழுதினர். ஏட்டுக் கல்வி குறைந்தவர்களும் தம் மொழியில், தம் கையெழுத்தில் எழுதினர். நனைந்த உடையை உலர்த்த வழியின்றி மறுநாட் காலையில் அதனையே அணிந்து சென்றதையும், காய்ச்சலையும், கண்முன்னே சிதறிய தோழரையும் அவர்கள் நினைவுகூர்ந்தனர். பதிவேட்டில் ஐம்பது ஆண்டுகளாக வெறுமையாகக் கிடந்த நிரல் அப்பொழுதுதான் ஓரளவு நிரம்பியது.

இன்றைய யந்திரங்களில் ஓடிய நேரத்தைக் காட்டும் மானி உண்டு. எரிபொருட் செலவையும் யந்திரம் நிற்கும் இடத்தையும் செய்மதி வழியாக அலுவலகத்துக்கு அறிவிக்கும் கருவிகளும் வந்துவிட்டன. எத்தனை மணித்தியாலம் ஓடியது என்பதை யந்திரமே கூறும். ஆனால், கரை ஈரமாயிருந்தமையால் வேலையை நிறுத்தினேன், தடையிறுக்கி தளர்ந்திருப்பதாக நேற்றே அறிவித்தேன், இன்று உடன் வேலைசெய்தவர் காயமுற்றார் என்று எழுத மனிதக் கை வேண்டும். பிற்காலத்தில் விபத்தொன்று நேர்ந்து விசாரணை நடக்குமாயின், எண்ணெய்க் கறை படிந்த அந்த நாலு வரியே ஓட்டுநருக்காகவும் அவர் தோழருக்காகவும் சாட்சி சொல்லும். கன யார்க் கணக்கை எழுதுவதற்கு எந்தக் காலத்திலும் ஆள் இருப்பர். அதன் அருகே மனிதனுக்கு நேர்ந்ததையும் எழுதிவைக்கும் பதிவேடே முழுமையான பதிவேடாகும்.