தரங்கம்பாடியில் பிறந்து பிரெஞ்சு இளவரசி ஆன பெண்... யார் இந்த கேத்தரின்?

புதுச்சேரி போனால் பிரெஞ்சுத் தெருப் பெயர்களைப் பார்த்திருப்பீங்க. ஆனால் நம்ம கடற்கரையில் பிறந்த ஒரு பெண், நெப்போலியன் காலத்து பாரிஸில் இளவரசிப் பட்டத்துடன் வலம் வந்தது தெரியுமா?

தரங்கம்பாடியில் பிறந்தது ஏன்?

1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. நகரையே இடித்துத் தள்ளினார்கள். பக்கத்தில் இருந்த தரங்கம்பாடியோ டென்மார்க் வசம். இந்தச் சண்டையில் சேராத ஊர். 1762 நவம்பரில் பிரெஞ்சு அதிகாரி வெர்லேவுக்கு மகளாக கேத்தரின் பிறந்தது அங்கேதான்.

முதல் திருமணத்தில் என்ன நடந்தது?

15 வயது நிறையும் முன்பே, 1777 ஜூலையில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜார்ஜ் கிராண்டுக்கு அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஓர் இரவு, வங்காள கவுன்சில் உறுப்பினர் பிலிப் பிரான்சிஸ் ஏணி வைத்து அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தார். வேலைக்காரர்களிடம் சிக்கினார். கணவர் வழக்குப் போட, கல்கத்தா உச்ச நீதிமன்றம் 50,000 ரூபாய் நஷ்டஈடு விதித்தது. பணம் கணவருக்கு. கேத்தரினுக்கு மிஞ்சியது கெட்ட பெயர் மட்டுமே.

இளவரசி ஆனது எப்படி?

ஐரோப்பா சென்றவர், 1798-ல் பாரிஸில் விவாகரத்து பெற்றார். அப்போது அவர் பிரான்ஸ் வெளியுறவு அமைச்சர் தலெராந்துடன் வாழ்ந்தார். தலெராந்த் முன்னாள் பிஷப். மதக் கடமைகளிலிருந்து அவரை விடுவித்த போப், திருமணத்துக்கு அனுமதி தரவில்லை. ஆனால் நெப்போலியன் நெருக்க, 1802 செப்டம்பரில் கல்யாணம் நடந்தது. 1806-ல் தலெராந்துக்கு இத்தாலியின் பெனவென்டோ இளவரசர் பட்டம் கிடைத்தது. கேத்தரின் இளவரசி ஆனார்.

அப்போ இவர் அரச வம்சமா?

இல்லை. இது ரத்த உறவால் வந்ததல்ல, நெப்போலியன் கொடுத்த பட்டம். 1815-ல் பெனவென்டோ மீண்டும் போப் வசம் போனது. தம்பதியும் பிரிந்தனர்.

வாரிசு உண்டா?

திருமணத்துக்குப் பிறகு குழந்தை இல்லை. வளர்ப்பு மகள் சார்லட் மட்டுமே. அவரை தலெராந்தின் உறவினர் ஒருவருக்கே மணமுடித்து வைத்தனர். சார்லட் இவர்களின் சொந்த மகள் என்ற பேச்சு உண்டு. ஆனால் ஆதாரம் இல்லை.

1783-ல் வரையப்பட்ட கேத்தரினின் ஓவியம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.